அறுபதில் ஒரு முனகல்

"சத்தந்தானே வருது, வண்டி நிக்கலையில்ல? நீ பாட்டுக்கு ஓட்டுப்பா."

கேட்டீர்களா அக்கா? கண்டக்டர் டிரைவரிடம் சொன்னது. மெதுவாகத்தான் சொன்னார். நமக்கு முன்னால் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தர்கூடத் தலையைத் திருப்பவில்லை. எனக்குக் கேட்டுவிட்டது. எனக்கு எல்லாம் கேட்டுவிடும். அதுதான் தொல்லையே.

பயப்படாதீர்கள். பின் சக்கரத்தில் ஏதோ லேசாக உரசுகிறது, பிரேக் பிடிக்கும்போது மட்டும். உடுமலை போய்ச் சேர்ந்துவிடும். நீங்களும் உடுமலைதானே? நல்லது. ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். தூங்குவதென்றால் தூங்குங்கள், நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. காலேஜில் இயற்பியல் படித்தேன். வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் என் பெயரைக் கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்தான் "மைதிலிங்க சார்" என்று சொன்னாள். அப்படிப்பட்ட ஆள் நான்.

அதனால்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்ததற்கு எங்கள் வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் பெயர் கோகுல். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் மாமனாருக்கு நார் மில் இருக்கிறது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுப்பது. நார் ஏற்ற, ஆள் ஏற்ற, தோப்புக்குள் போய்வர என்று ஒரு பிக்கப் வாங்கினார்கள். முன்னால் இரண்டு வரிசை சீட்டு, குடும்பம் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. வேண்டுமென்றால் நாலு சக்கரமும் இழுக்கும். நல்ல வண்டி, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் இவர் அதைக் கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டி வளர்ந்திருந்தது.

ஆமாம் அக்கா, வளர்ந்திருந்தது. லிஃப்ட் பண்ணுவது என்கிறார்கள். ஸ்பிரிங்குக்கு மேலே தடிமனாக ஒரு வளையம் வைத்து, பெரிய டயர் மாட்டி, வண்டியின் உடம்பை மேலே தூக்கிவிடுவது. மலையிலும் காட்டிலும் ஓட்டுகிறவர்கள் செய்துகொள்வது. எங்கள் வீட்டிலிருந்து நார் மில்லுக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரே மலை, பஞ்சாயத்துக்காரர்கள் போட்ட வேகத்தடை.

"எதுக்குடா இது?" என்று மாமா கேட்டார்.

"சும்மாதானுங்கப்பா. ரோடு நல்லாத் தெரியும்."

"இத்தனை நாளாத் தெரியாமயா ஓட்டிட்டு இருந்தே?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும்போது நான் எதற்கு நடுவில்? எதற்காக உயர்த்தினார் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அத்தைக்கு முழங்கால் வலி. கதவைத் திறந்து காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். எட்டவில்லை. புடவையை ஏற்றிச் சொருகிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "ஏண்டா கோகுலு, இது வண்டியா, பரணா?" என்றார். அன்றிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் பின்தொட்டியிலேயே கிடக்கும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் ஸ்டூல் இறங்கும், அப்புறம் அத்தை இறங்குவார். ஒரு கல்யாண வீடியோவில் ஸ்டூல் இறங்குவதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அத்தை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இன்றைக்கும் ஒரு கல்யாணம், அத்தையை ஏற்றிக்கொண்டு வண்டி அங்கே போயிருக்கிறது. அதனால்தான் நான் பஸ்ஸில் வருகிறேன்.

வண்டி வளர்ந்த மறுநாள் சாயங்காலம் இவர், "ஏறு மைதிலி, உங்க ஊருக்குப் போயிட்டு வரலாம்" என்றார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். எங்கள் ஊர் உடுமலைக்கு அந்தப் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து கிளை ரோட்டில் உள்ளே போகவேண்டும், பஸ் வராது. போகிற வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினார்.

"உசரமா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"கிளை ரோட்டுக்குத் திரும்பினதுக்கப்புறம் பாரு."

எங்கள் ஊர்க் கிளை ரோட்டில் பார்க்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஒரு பக்கம் மக்காச்சோளம். இன்னொரு பக்கம் நீளத்துக்கு ஒரு மதில். வெளியூர்க்காரர் யாரோ வாங்கிப் போட்ட தோட்டம். வாசல் கேட்டும் தகரம் போட்டு மூடித்தான் இருக்கும். உள்ளே நீச்சல்குளம் இருக்கிறது என்பாள் ஒருத்தி, நெருப்புக்கோழி வளர்க்கிறார்கள் என்பாள் இன்னொருத்தி. அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நான் அந்த மதிலைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். நிச்சயம் முடிந்து சேலை எடுக்கப் போன அன்று இவர்கள் பிடித்து வந்த வாடகைக் கார் அந்த வழியாகப் போனது. இவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "ஏதாவது பேசுங்க" என்றார். என்ன பேசுவது? "இந்த மதிலுக்குப் பின்னாடி என்ன இருக்குதுன்னு ஒரு நாளாவது எட்டிப் பாக்கோணும்" என்று சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் அவரிடம் முழுதாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான். உலகத்தில் வேறு எந்தப் பெண்ணாவது கட்டிக்கப் போகிறவரிடம் காம்பவுண்டுச் சுவரைப் பற்றிப் பேசுவாளா? இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வண்டியைப் பற்றி.

கிளை ரோடு வருவதற்குள் வண்டி அறுபதைத் தொட்டது. முனகல் வந்தது.

எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு ஒருத்தர் பாட்டை இழுப்பாரே, அந்த மாதிரி. சரியாக என் காலுக்கு அடியில், இடது பக்கம். வேகம் குறைந்தால் இல்லை. எண்பதைத் தாண்டினாலும் இல்லை. நடுவில் மட்டும்.

"என்னங்க, ஏதோ முனகுது."

"காத்தா இருக்கும்."

"காத்து இல்லீங்க."

"புது டயரு. அப்படித்தான் இருக்கும்."

நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன், அவ்வளவுதான். இறங்கிக் குனிந்து பார்த்தார். மறுபடி கிளம்பினோம். மறுபடி முனகியது. மறுபடி நிறுத்தச் சொன்னேன். டயருக்குள் கல் மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "இருட்டிப் போச்சு. இனிமே போயி என்ன தெரியப்போகுது" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். அங்கே ஊரில் அம்மா பணியாரம் சுட்டு வைத்துக்கொண்டு எங்களுக்காக வீணாக உட்கார்ந்திருந்தாள். சீட்டியும் நின்றுபோயிருந்தது.

அடுத்த சனிக்கிழமையும் உங்க ஊருக்கு என்றார். போகிற வழியில் முனகியது. திரும்பி ராயப்பண்ணன் பட்டறைக்குப் போனோம். அதற்கு அடுத்ததும் அப்படியே. எங்கள் ஊருக்கென்று கிளம்பின ஒவ்வொரு தடவையும் பட்டறையில்தான் போய் நின்றோம். எங்கள் ஊர் மேல் இவருக்கு அப்படி என்ன பாசம் என்று எனக்கே ஆச்சரியம். நானே அவ்வளவு தடவை போக நினைக்கவில்லை.

ராயப்பண்ணன் நல்ல மெக்கானிக், நல்ல வாய். வண்டியை ஓட்டிப் பார்த்தார். நான் பின் சீட்டில்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே அம்மிணி."

"இப்ப வருதுங்ணா."

"எங்க?"

"இப்பத்தாங்ணா. நீங்க பேசுனீங்க, அதுக்குள்ள போயிருச்சு."

"அப்ப நான் பேசாம வந்தா கேக்கும்ங்கறீங்களா? வண்டின்னா நாலு வார்த்தை பேசத்தான் செய்யும். நாமெல்லாம் பேசறதில்லையா?"

அவர் பட்டறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தகரம் தட்டுகிறார்கள், அந்தக் காதுக்கு எங்கே கேட்கும்? அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. லேசாகத்தான் சொன்னேன்.

டயரை இடம் மாற்றினார்கள். சக்கரத்தை பேலன்ஸ் பார்த்தார்கள். வீல் பேரிங்கை மாற்றினார்கள். அடியில் ஓடுகிற நீளத் தண்டைக் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். அறுபது வரும். நான் எதுவும் பேசமாட்டேன். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு பாட்டைச் சத்தமாக வைத்துவிடுவார்.

வீட்டில் இது பெரிய பேச்சாகிவிட்டது. முதலில் அத்தைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தைக்கு அடுப்படியில் குக்கர் விசிலே கேட்காது. நான் ஓடிப்போய் அணைப்பேன். ஒரு நாள் சாப்பிடும்போது மாமா, "வண்டியைத் தூக்குனதால வர்ற சத்தமா இருந்தா இறக்கிப்போட வேண்டியதுதான்" என்றார். அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"எனக்கும் கேக்குதுங்க. மைதிலிக் கண்ணு சொல்றது நெசந்தான்."

"உனக்கு எப்ப கேட்டுது?"

"மொதல்லேர்ந்தே கேக்குது. சின்னஞ்சிறுசுக, சொன்னா மனசு வருத்தப்படுமேன்னு இருந்தேன்."

அன்றிலிருந்து அத்தைக்கு நன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதுகூடக் கேட்டது. எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி அது. அந்தச் சாட்சி வந்த பிறகு மாமாவுக்கு என் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. "பொம்பளைங்களுக்கு மட்டும் கேக்குது, ஆம்பளைங்களுக்குக் கேக்கலை. எதுக்கும் மருமகளைக் காது டாக்டர்கிட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வந்துரு கோகுலு" என்றார்.

சிரியுங்கள், பரவாயில்லை. நானும் அப்புறம் சிரித்தேன். வண்டி முனகுகிறது என்று சொன்னதற்குக் காது டாக்டர். அதுவும் அதே வண்டியில். அன்றைக்குப் பார்த்து இவர் கோயம்புத்தூர் போகிற வரைக்கும் ஐம்பதைத் தாண்டவே இல்லை. வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கூட எங்களை முந்திக்கொண்டு போனது. ஒரு தடவையாவது அறுபது போயிருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற பயத்தில் சில பேர் மெதுவாகத்தான் ஓட்டுவார்கள்.

கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் என்னை உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். நான் அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா கதவைத் திறந்து, "நான் இன்னும் சத்தமே போடலையேம்மா" என்றார்.

"பக்கத்து ரூம்ல ஃபேன் உரசுதுங்க."

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உரசியிருக்கிறது. "இந்தக் காதை வச்சுட்டு எப்படிம்மா தூங்கறீங்க?" என்று கேட்டார். இவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். திரும்பி வரும் வழியில் நான் கேட்காமலே வண்டியை நிறுத்தி பலாச்சுளை வாங்கினார். ஒரு சுளைகூட அவர் எடுக்கவில்லை, எல்லாவற்றையும் என் மடியிலேயே வைத்துவிட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது.

அப்புறம் மழை பிடித்தது. ஒரு நாள் தோப்புக்குள் சேற்றில் மாட்டி, நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி போட்டு வெளியே எடுத்தார். ரோட்டுக்கு வந்த பிறகு அதை மாற்ற மறந்துவிட்டார். ஐம்பது, அறுபது, எழுபது. முனகல் இல்லை. நான் மூச்சைக்கூட விடவில்லை. பிறகு ஞாபகம் வந்து திருகி இரண்டு சக்கரத்துக்கு மாற்றினார். முனகல் வந்தது.

"என்னங்க, மறுபடியும் நாலு வீலுக்குப் போடுங்க."

போட்டார். நின்றுவிட்டது.

"எடுங்க."

எடுத்தார். வந்தது.

"போடுங்க."

"மைதிலி, பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான்."

மதியம் வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு போனை எடுத்துத் தேடினேன். வண்டியை உயர்த்தியவர்கள் கூடிப் பேசிக்கொள்கிற அமெரிக்கத் தளம் ஒன்று. எத்தனை பேர் என்கிறீர்கள், அத்தனை பேரும் என்னைப் போலவே. உயர்த்தின வண்டி, மைலைக் கிலோமீட்டராக்கினால் அறுபதிலிருந்து எண்பது, நாலு வீல் போட்டால் நிற்கும். ஒருத்தர் எழுதியிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்த மனைவிக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை என்று. அந்த அம்மாவை எந்தக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார் என்று எழுதவில்லை.

விஷயம் இவ்வளவுதான் அக்கா. முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்று ஒரு இரும்புக் கூடு. அதிலிருந்து சக்கரத்துக்கு ஒரு தண்டு போகிறது. அந்தத் தண்டு கூட்டை விட்டு வெளியே வருகிற வாயில் சின்னதாக ஒரு பேரிங் தாங்கிப் பிடிக்கிறது. ஊசி ஊசியாகக் கம்பிகள் அடுக்கிய பேரிங். வண்டி இருக்கிற உயரத்தில் இருந்தால் தண்டு நேராக இருக்கும், ஊசிக்குச் சிரமமில்லை. உடம்பைத் தூக்கிவிட்டால் கூடு மேலே போய்விடும், சக்கரம் தரையில்தானே இருக்கும்? தண்டு சரிவாக இழுக்கிறது, ஊசிகளுக்கு நடுவே ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் முனகல். நாலு வீல் போட்டால் தண்டுக்கு வேலை வந்துவிடும், விறைத்து நின்றுகொள்ளும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, வண்டியை இறக்கிவிடுவது. இல்லையென்றால் ஊசி பேரிங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கெட்டியாக, நீளமாக ஒரு உலோகக் குழாய் போடுவது, புஷ் என்பார்கள். தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆட விடாது.

இந்த பஸ்ஸில் அது கிடையாது, நீங்கள் கவலைப்படாதீர்கள்.

ராயப்பண்ணனிடம் சொன்னபோது ஒத்துக்கொள்ளவே இல்லை. "பேரிங் இருந்த எடத்துல புஷ்ஷா? பேரிங் உருளும் அம்மிணி, புஷ்ஷு உரசும். முன்னேற்றம்னா புஷ்ஷுலேருந்து பேரிங்குக்குப் போறது. நீங்க படிச்சவங்க, திரும்பி வர்றீங்களே." பிறகு இவரைப் பார்த்தார். "எதுக்குத் தம்பி இவ்வளவு வம்பு? இறக்கிப்போடுங்க. ஒரு நாள் வேலை, சத்தம் போயிரும்."

நானும் அதைத்தான் நினைத்தேன். இறக்கிவிட்டால் அத்தைக்கும் நிம்மதி. இவர், "அது மட்டும் வேண்டாங்ணா. புஷ்ஷே போட்டுருங்க" என்றார். புது வண்டியின் கூட்டைப் பிரிக்கப்போகிறார்கள், கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. ஆம்பளைகளுக்கு இந்த உயரத்தில் அப்படி என்ன கௌரவமோ தெரியவில்லை.

மாமா அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "புஷ்ஷு போடு. போட்டதுக்கப்புறமும் சத்தம் வந்துச்சுன்னா அடுத்த நாளே இறக்கிரோணும். உங்கம்மா ஸ்டூலும் கையுமாத் திரியறதைப் பாக்கச் சகிக்கலை." இவர் தலையை ஆட்டினார். அத்தை சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தெரியும்.

அந்த புஷ் கடையில் கிடைக்காது. பேரிங் உட்காரும் இடத்தை அளந்து எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டல் வெண்கலத்தில் கடையச் சொன்னோம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாகக் கடைந்து கொடுத்தார்கள். ராயப்பண்ணன், "எந்தப் பக்கம் போடறது? உங்க அமெரிக்காக்காரன் என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் படித்தவள் என்பதைக் காட்டினேன். என் காதுக்கு முனகல் வந்தது இடது பக்கம், என் காலுக்கு அடியில். ஆனால் அந்தத் தளத்தில் அத்தனை பேரும் டிரைவர் பக்கத்துப் பேரிங் என்றே எழுதியிருந்தார்கள். நம் வண்டியில் டிரைவர் வலது பக்கம். சத்தம் இரும்பில் பரவும், ஒரு பக்கம் பிறந்து இன்னொரு பக்கம் கேட்கும், ஒலியியலில் முழு பேப்பர் எழுதியிருக்கிறேன். எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். "டிரைவர் பக்கங்ணா" என்றேன்.

வலது பக்கம் பிரித்தார்கள். வலது பக்கம் போட்டார்கள்.

சோதித்துப் பார்க்க வீடே கிளம்பியது. மாமா முன்னால், நானும் அத்தையும் பின்னால். பாட்டுப் போடவில்லை. உடுமலை ரோட்டில் வண்டி நாற்பது, ஐம்பது என்று ஏறியது. அறுபதில் முனகியது.

"வருதுங்க" என்றார் அத்தை, தீபாவளிக்குச் சேலை வந்த மாதிரி.

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன்.  மாமா வண்டியிலிருந்தே ராயப்பண்ணனுக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காத்தால வண்டி வரும், பழையபடி இறக்கிரு" என்றார். ராயப்பண்ணன், "நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க, நான் மாதா கோயிலுக்குப் போகோணும். திங்கக்கிழமை அனுப்புங்க" என்றார். போனைக் காதில் ஒட்டி வைத்திருந்தார் மாமா, இருந்தாலும் எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து அந்தத் தளத்தை மறுபடி பார்த்தேன். ஒருத்தர் தன் வண்டியின் உட்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது.

அமெரிக்காவில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார் என்று எனக்குத் தெரியாதா அக்கா? எத்தனை சினிமா பார்த்திருக்கிறேன். அத்தனை தடவை படித்தேன், ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஒலியியல் பேப்பர் மட்டும் தோன்றியது. படத்தை இவரிடம் காட்டினேன்.  கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"படிச்சதை விடு. உனக்கு எங்க கேக்குது?"

"என் காலுக்கு அடியிலங்க."

"மொத நாள்லேர்ந்தா?"

"மொத நாள்லேர்ந்து."

"எனக்கும் அங்கதான் கேக்குது" என்றார்.

அவருக்கு எப்போதிலிருந்து கேட்டது என்று நான் கேட்கவில்லை. புஷ் போட்டதில் சத்தம் கொஞ்சம் அதிகமாகியிருக்கும், அதனால் கேட்டிருக்கும்.

மறுநாள் ராயப்பண்ணன் கோயிலிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கும்போது நாங்கள் பட்டறை வாசலில் நின்றோம். "பிரசங்கம் கேட்டுட்டு வர்றவன கிரீசுல தள்றீங்களே தம்பி. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரு?"

"திங்கக்கிழமைதானே இறக்கச் சொன்னாரு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானுங்ணா."

"இப்ப எந்தப் பக்கம்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ராயப்பண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இன்னொரு புஷ்ஷு இருக்குதில்ல? நல்லவேளை, லேத்துக்காரனுக்கு உங்க மேல அப்பவே நம்பிக்கை இல்லை" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி, எண்ணெயை வடித்து, தண்டை உருவி, பேரிங்கை வெளியே இழுத்தார்கள். அதை என் உள்ளங்கையில் வைத்தார் ராயப்பண்ணன். அத்தையின் வளையலைவிடச் சின்னது. இதற்காகவா ஒரு மழைக்காலம் முழுக்க என்று இருந்தது. புஷ்ஷைத் தட்டி உட்காரவைத்து, சீல் மாட்டி, எண்ணெய் ஊற்றி முடித்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"ஏறு" என்றார் இவர். "உங்க ஊருக்குப் போலாம்."

"வீட்டுக்குச் சொல்ல வேண்டாங்களா?"

"போயிட்டு வந்து சொல்லிக்கலாம்."

இதே ரோடுதான் அக்கா. இதோ இந்தப் புளியமரங்கள். நாற்பது. ஐம்பது. இவர் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அறுபது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறுபத்தைந்து, எழுபது. டயர் ஓடுகிற சத்தம், காற்று, இவர் மூச்சு விடுகிற சத்தம். வேறு ஒன்றும் இல்லை. கதவுக்குள் ஒரு திருகாணி லேசாக இருந்தது, அதை நான் சொல்லவில்லை.

"வருதா?"

"இல்லீங்க."

"நெசமா?"

"நெசமா இல்லீங்க."

 இவர் பாட்டுகூடப் போடவில்லை. உடுமலை தாண்டி, மெயின் ரோட்டை விட்டுக் கிளை ரோட்டுக்குத் திரும்பினார். மக்காச்சோளம் என் பக்கத்து ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வண்டி மெதுவாகிக்கொண்டே வந்தது. அவர் பக்கத்தில் மதில் ஆரம்பித்தது. இன்னும் மெதுவானது. மதிலின் பாதி நீளத்தில் சுவரை ஒட்டி ஓரம் கட்டி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பஞ்சர் என்று நினைத்தேன். காற்று இறங்குகிற சத்தம் எதுவும் கேட்கவில்லையே என்றும் நினைத்தேன்.

இவர் சீட்டில் எம்பிப் பார்த்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். மதில் அவர் நெற்றிக்கு மேலே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் பத்தலை" என்றார்.

இறங்கிப் பின்னால் போனார். தொட்டியின் கதவைத் திறந்து மேலே ஏறி, மூலையில் கிடந்த அத்தையின் சிவப்பு ஸ்டூலை மதில் பக்கமாக நகர்த்தி, ஆடுகிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னிடம் கையை நீட்டினார்.